முயலை எண்ணியது யார்? மதுரைச் சமவெளியும் வேட்டைப் பருவங்களும்

எந்த மாதம், யார் தரும் உரிமம், எந்த இடம்? வேட்டைக்குப் புறப்படுகிறவர் எந்த நாட்டவரானாலும் இந்த மூன்றையும் கேட்டாக வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் இவற்றுக்கு விடை அச்சிட்டுத் தருகிறது: மானுக்கு இந்தத் தேதி முதல், வாத்துக்கு இந்தத் தேதி வரை, ஆளுக்கு இத்தனை. மதுரையில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும்: இல்லை. மானாவாரியில் ஓடும் முயலுக்குக் கண்ணி வைத்தாலும், கவுதாரியின் முட்டையைக் கலைத்தாலும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்கில் அது வேட்டை. வேட்டை என்றால் குற்றம்.

இந்தப் பதிலுக்கு வயது குறைவு. 1991 வரை அதே சட்டத்துக்குள் வேட்டை உரிமத்துக்கென்று தனிப் பிரிவுகள் இருந்தன. அதற்கு முன் வெள்ளைக்காரர் ஆட்சியில் மாகாண அரசு பருவம் குறிக்க ஒரு சட்டம் இருந்தது. அதற்கும் முன் பாளையக்காரர் வைத்ததே பருவம். ஊரில் சாமி வைத்ததே பருவம். முழுத் தடை வந்து முப்பது ஆண்டுகள் கடந்தும் மகா சிவராத்திரியை ஒட்டி மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் பக்கங்களில் பாரிவேட்டை என்னும் ஊர் வேட்டைக்குப் போனவர்கள் பிடிபட்ட செய்தி வந்துகொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம், பன்றி உழுதுபோட்ட கடலைக்காட்டைக் காட்டி, சுட அனுமதி கேட்கிறார்கள் விவசாயிகள்.

ஆக, கேள்வி பழையது, பதில்கள் பல. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே இடறுகிறது என்று இந்தக் கட்டுரை பார்க்கிறது. ஒன்றுக்கொன்று முரணான அந்தப் பதில்கள் பெரும்பாலும் ஒரே கல்லில்தான் இடறுகின்றன என்று தோன்றுகிறது. பருவம் குறித்தவரும், உரிமம் கொடுத்தவரும், தடை போட்டவரும் இந்தச் சமவெளியில் விலங்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எது காடு?

முதலில் இடம். அழகர்மலை, சிறுமலை, நாகமலை, யானைமலை என்று மதுரையைச் சுற்றி மலைகளும் குன்றுகளும் உண்டு. காப்புக்காடு என்று எல்லைக்கல் நட்டது பெரும்பாலும் இந்த மேட்டுப் பகுதிகளில்தான். அவற்றுக்கு இடையில் கிடப்பது கண்மாயும் வயலும் மானாவாரியும் புறம்போக்கும் சீமைக்கருவேலமும். முயல், கவுதாரி, காடை, உடும்பு, கீரி, நரி, மயில், பன்றி எல்லாம் இங்கேதான் பிழைக்கின்றன. மலையடிவாரங்களில் காட்டுமாடும் வயலில் இறங்குகிறது.

இந்த ஊர்ப் பேச்சில் காடு என்றால் மானாவாரி நிலம். சோளக்காடு, கடலைக்காடு, பருத்திக்காடு. "காட்டுக்குப் போயிருக்காக" என்றால் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று பொருள். வனத்துறையின் காடு வேறு. சட்டம் விலங்கைத்தான் காக்கிறது, அது நிற்கும் நிலத்தைப் பார்ப்பதில்லை; பட்டா நிலத்து முயலுக்கும் அதே பாதுகாப்புதான். ஆனால் வனக்காப்பாளரின் ரோந்துப் பாதை துறையின் காட்டைச் சுற்றி அமைந்தது, முயல் ஊர்க்காரரின் காட்டில் வாழ்கிறது. வேட்டை பற்றிய பல குழப்பங்களுக்கு இந்த ஒரு சொல்லின் இரண்டு பொருளே போதும்.

சாமி வைத்த பருவம்

மதுரைக்கு வேட்டைப் பேச்சு புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வரும் வழியில் தங்குவதே வேட்டுவர்களின் கொற்றவைக் கோட்டத்தில்தான். மதுரைக் காண்டத்தில் வேட்டுவ வரி என்று ஒரு பகுதியே அவர்களுக்கு இருக்கிறது. பெரியபுராணத்தில் திண்ணனின் முதல் வேட்டை ஒரு சடங்காகவே நடக்கிறது. அந்த வேட்டையில் துரத்திய பன்றிதான் அவனைக் காளத்தி மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வேட்டையும் வழிபாடும் ஒரே நூலில் கோக்கப்பட்டவை என்பது பாரிவேட்டைக்காரர்களின் முதல் வாதம். அதில் உண்மை இருக்கிறது.

பரிவேட்டை என்றும் பாரிவேட்டை என்றும் சொல்லப்படும் இந்த வழக்கத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. கோயில் வடிவத்தில் சாமி குதிரை வாகனத்தில் ஊருக்கு வெளியே போய் வேட்டையாடித் திரும்பும். கன்னியாகுமரி பகவதி அம்மன் விஜயதசமியன்று மகாதானபுரத்துக்குப் போவதும், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் மாட்டுப் பொங்கலுக்குப் பழையசீவரம் போவதும் இப்படித்தான். அங்கே எந்த விலங்கும் சாவதில்லை. ஊர் வடிவத்தில் சாவது நிஜ முயல். ஊரார் கூடி, நாய்களைக் கூட்டிக்கொண்டு, தடியும் வலையுமாகப் போய், கிடைத்ததைக் கோயில் முன் போட்டுப் பங்கு வைப்பார்கள்.

இதை ஆதரிக்கிறவர்களின் வாதம் மேலோட்டமாகத் தள்ளிவிடக்கூடியதன்று. ஆண்டுக்கு ஒரு நாள், ஊர் மொத்தமும் சேர்ந்தது, பங்கு சமம், விற்பனை கிடையாது. சட்டம் வருமுன்னே பருவமும் எல்லையும் அளவும் வகுத்த ஏற்பாடு இது என்கிறார்கள்.

பலவீனம் அந்தப் பருவத்திலேயே இருக்கிறது. வேட்டைப் பருவம் என்று உலகம் வழங்கும் ஏற்பாட்டில் விலங்கு குட்டி போடும் காலம் விலக்கப்படுகிறது. சிவராத்திரி வருவது மாசித் தேய்பிறையில். நமது காட்டுமுயல் ஆண்டின் எந்தக் காலத்திலும் குட்டி போடக்கூடியது என்பதால், அதற்குச் சேதமில்லாத மாதம் என்று ஒன்றைத் தேடி எடுப்பதே சிரமம். மாசி வேட்டைக்காரருக்கு வசதியான மாதம்: அறுவடை முடிந்து நிலம் வெறுமையாகக் கிடக்கும், முயலுக்கு ஒளிய இடம் இருக்காது, ஆட்களுக்கு வேலை இருக்காது. அதோடு, ஒரு நாள் என்பது ஓர் ஊருக்கு ஒரு நாள். அக்கம்பக்கத்து ஊர்கள் எல்லாம் அதே வாரத்தில் இறங்கினால் முயலுக்கு அது வேறு கணக்கு. தடியும் காலும் இருந்த இடத்தில் பைக்கும் நெற்றிப் பேட்டரியும் வந்துவிட்டன. பழைய கட்டுப்பாட்டில் பாதியைக் கட்டுப்பாடு என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். அது காலின் களைப்பு. பைக் வந்ததும் அது போய்விட்டது.

வேட்டைநாய்கள் இந்தக் கதையின் மிச்சம். கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை, இராஜபாளையம் என்று தென்மாவட்ட ஊர்களின் வாசனையோடு வரும் நாய் இனங்கள் பல வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை. இராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் தலை வெளியிட்டது அரசு. நாயைப் பெருமையாகக் கொண்டாடுகிறோம். அது எதற்காக அப்படி ஓடுகிறது என்பதைப் பேசுவதில்லை.

மருதுவின் வேட்டையும் துரையின் சட்டமும்

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரி 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் 1795 வாக்கில் தான் மதுரையில் இருந்த நாட்களைச் சொல்கிறார். சிவகங்கைச் சீமையின் பெரிய மருது ஆட்சி வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வேட்டையிலேயே பொழுதைக் கழித்தவர் என்றும், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்றும் எழுதுகிறார். ஆறே ஆண்டுகளில், 1801இல், அதே வெல்ஷ் அந்த மருதுகளுக்கு எதிரான படையில் வந்தார். போர் முடிந்ததும் மக்களிடமிருந்து ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. முயலையும் மானையும் வீழ்த்த வீசப்பட்ட வளரியும் அந்தப் பறிப்பில் மெல்ல மறைந்தது. இந்தச் சமவெளியில் வேட்டையைக் குறைத்த முதல் அரசாணை ஒன்று உண்டென்றால் அது இதுதான். விலங்குகளைப் பற்றி அதற்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை.

பிறகு வந்த ஆட்சிக்கு இரண்டு கை. ஒரு கை கொல்லப் பணம் கொடுத்தது. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் 80,000க்கும் மேற்பட்ட புலிகளும், 1,50,000க்கும் மேற்பட்ட சிறுத்தைகளும், 2,00,000 ஓநாய்களும் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிடுகிறார். இன்னொரு கை விளையாட்டு வேட்டைக்காக விலங்கைக் காத்தது. நீலகிரியில் 1877இல் வேட்டைக்காரர் சங்கம் தோன்றியது. 1879இல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மூடிய பருவமும் உரிமமும் தமிழ்நாட்டு மண்ணுக்கு எழுத்தில் வந்த கதை ஊட்டியில் தொடங்குகிறது.

இதைப் படிக்கிறவர்கள் இரண்டு அணி. துரைகளின் வேட்டைச் சட்டமே பின்னாளைய பாதுகாப்புக்கு விதை என்பது ஒரு தரப்பு. உள்ளூர் வேட்டைக்காரனைத் திருடனாக்கிவிட்டு, தனக்கு மட்டும் காட்டைத் திறந்துவைத்துக்கொண்ட ஏற்பாடு என்பது மறு தரப்பு. இரண்டுக்கும் ஆவணம் உண்டு. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. மதுரைச் சமவெளியைப் பொறுத்தவரை இரண்டுமே சற்றுத் தள்ளி நிற்கின்றன. துரைகள் வேட்டைக்கு ஏறியது மலைக்கு. 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டமும் தன் வேட்டை விதிகளை முதன்மையாகக் காப்புக்காட்டை மனத்தில் வைத்தே வகுத்தது.

சமவெளியைத் தொட்டது 1912ஆம் ஆண்டு காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம். அதன் பட்டியலில் மான்களோடு முயலும், மயிலோடு கவுதாரியும் காடையும் இருந்தன. எந்தக் காலத்தில் கொல்லக்கூடாது என்று அறிவிக்கும் பொறுப்பு மாகாண அரசுக்கு. அந்தச் சட்டத்தின் ஒரு விதிவிலக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: உயிரைக் காக்க மட்டுமன்றி, உடைமையைக் காக்க நல்லெண்ணத்தோடு கொன்றாலும் சட்டம் தொடாது. பயிரும் உடைமைதான்.

சீட்டு எழுதிக் கொடுத்த காலம்

விடுதலைக்குப் பிறகும் வன உயிர்கள் மாநிலப் பட்டியலிலேயே இருந்தன. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. 1970இல் புலி வேட்டை தடைசெய்யப்பட்டது. 1972இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே மாநிலங்களின் தீர்மானத்தை முன்வைத்துத்தான் வந்தது. 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் வன உயிர்களைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது.

1972ஆம் ஆண்டுச் சட்டம் முழுத் தடைச் சட்டம் என்று இன்று பலர் நினைக்கிறார்கள். பிறந்தபோது அது அப்படி இல்லை. சிறப்பு வேட்டை, பெருவேட்டை, சிறுவேட்டை, பொறிவைத்துப் பிடித்தல் என்று நான்கு வகை உரிமங்களுக்கு அதில் இடம் இருந்தது. முயலும் கவுதாரியும் சிறுவேட்டைப் பட்டியலில் இருந்தன. வண்டியில் துரத்தக்கூடாது, நஞ்சு வைக்கக்கூடாது, குட்டியையும் பெட்டையையும் கொல்லக்கூடாது என்பது போன்ற விதிகளும் இருந்தன. படிப்பதற்கு இன்றைய அமெரிக்க மாநிலம் ஒன்றின் வேட்டைக் கையேடு போலவே இருக்கும்.

அந்தச் சட்டத்தின் 10ஆவது பிரிவு கவனிக்கத்தக்கது. உரிமம் வாங்கியவர் தாம் கொன்ற, பிடித்த விலங்குகளுக்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்றது அது. எண்ணும் கடமையைச் சட்டம் வேட்டைக்காரர் தலையில் வைத்தது. எண்ணச் சொன்னது செத்தவற்றை. உயிரோடு மிச்சம் எத்தனை என்பது தெரியாதபோது, இத்தனை கொல்லலாம் என்ற எண்ணை எங்கிருந்து பெறுவது? கடையில் இருப்பு எவ்வளவு என்று தெரியாமல் விற்பனைச் சீட்டை மட்டும் அடுக்கிவைத்த கதை இது.

1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமப் பிரிவுகளை அடியோடு எடுத்துவிட்டது. 10ஆவது பிரிவும் போனது. தடைக்குச் சொல்லப்படும் காரணங்களில் வலுவானது நடைமுறை சார்ந்தது: உரிமம் என்று ஒன்று இருக்கும்வரை கையில் முயலோடு நிற்கிறவர் உரிமக்காரரா, திருடரா என்று காவலர் நிரூபிக்க வேண்டும், உரிமமே இல்லையென்றால் முயலே சாட்சி. 2022ஆம் ஆண்டுத் திருத்தம், 2023 ஏப்ரல் முதல், பட்டியல்களைச் சுருக்கியது. முயலும் காட்டுப்பன்றியும் புள்ளிமானும் இப்போது இரண்டாம் பட்டியலில். மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மயிலும் உடும்பும் முதல் பட்டியலில் என்பதால் தண்டனை இன்னும் கடுமை.

ஒரு முரண் மட்டும் எஞ்சி நிற்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி உரிமத்துக்கான காரணங்களில் விளையாட்டையும், நாட்டுத் துப்பாக்கிக்குப் பயிர்ப் பாதுகாப்பையும் சொல்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ள ஒரு சட்டம் வழிவிடுகிறது. அதைக்கொண்டு சுட எதுவுமில்லை என்கிறது மற்றொன்று. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைப்பதுதான் அந்தத் துப்பாக்கிகளில் பலவற்றுக்கு வாய்க்கும் ஒரே பயணம்.

யாருடைய பழக்கம்?

பண்பாட்டு உரிமை என்ற வாதத்தைப் பேசும்போது இரண்டு வேறு ஆட்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. பாரிவேட்டைக்குப் போகும் ஊரார் பலருக்கு நிலமோ தொழிலோ உண்டு. முயல்கறி அவர்களுக்குத் திருவிழா. நரிக்குறவருக்குக் காடையும் கவுதாரியும் அன்றாடச் சோறாக இருந்தன. தடைக்குப் பிறகு அவர்கள் பாசிமணிக்கும் ஊசிக்கும் மாறியது விரும்பிச் செய்த தொழில்மாற்றம் என்று சொல்ல முடியாது. 2023இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் பழங்குடியினரின் வன உரிமையை ஏற்ற 2006ஆம் ஆண்டுச் சட்டம், மரபான வேட்டை உரிமையைப் பெயர் சொல்லியே விலக்கிவைத்திருக்கிறது. நிக்கோபார் தீவுப் பழங்குடிகளுக்கு மட்டும் வன உயிரினச் சட்டத்தின் 65ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆக, மரபு என்பதைச் சட்டம் கொள்கையளவில் மறுக்கவில்லை. கடல் தாண்டி இருந்தால் ஏற்றுக்கொள்கிறது.

ஜல்லிக்கட்டுக்குக் கிடைத்தது பாரிவேட்டைக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கை சில ஊர்களில் உண்டு. 2017ஆம் ஆண்டு மாநிலத் திருத்தத்தை 2023 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ஏற்றது உண்மை. ஆனால் அங்கே பேசப்பட்டது வீட்டு மாடு. திருத்தப்பட்டது விலங்குவதைத் தடுப்புச் சட்டம். முயலுக்கு உரிமையாளர் கிடையாது, தொழுவமும் கிடையாது. ஒப்புமை வாடிவாசலைத் தாண்டி வராது என்றே தோன்றுகிறது.

கொல்லாமையின் குகைகள்

தடை என்ற எண்ணத்தை வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவதும் சரியில்லை. மதுரையைச் சுற்றிய குன்றுகளில் சமணர் படுகைகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கின்றன. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, யானைமலை என்று தமிழி எழுத்தோடு இருக்கும் அந்தக் கல்படுக்கைகளில் தங்கியவர்கள் கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்டவர்கள். குறளில் புலால் மறுத்தலும் கொல்லாமையும் தனித்தனி அதிகாரங்கள். அசோகரின் ஐந்தாம் தூண் சாசனம் கொல்லக்கூடாத உயிர்களைப் பட்டியலிட்டதோடு, சில நாட்களில் மீன்பிடியையும் விலக்கியது. பருவத்தடைக்கு நம் நாட்டில் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அது ஒன்று.

இந்த நிலையின் பலம் அதன் தெளிவு. பலவீனமும் அதுவே. அயிரை மீனுக்கும் கறிதோசைக்கும் பேர்போன ஊரில், வளர்த்த ஆட்டைத் தின்னலாம், மேய்ந்த முயலைத் தின்னக்கூடாது என்பதற்குக் கொல்லாமையை மட்டும் காரணமாகச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். இரண்டாவது, பயிரைத் தின்னும் பன்றியின் முன் அது பேச்சிழந்து நிற்கிறது.

ஊர் தானாக முன்வந்தால் தடை எப்படி இருக்கும் என்பதற்குச் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் சான்று. 1977இல் அரசு அறிவித்த சரணாலயம் அது. கண்மாய்க்கு வந்து கூடுகட்டும் பறவைகள் மிரளும் என்று பக்கத்து ஊரான கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் வெடி கேட்காத தீபாவளியை எந்த வனச்சரகரும் திணிக்க முடியாது. இதே கட்டுப்பாடு முயலுக்கு ஏன் வரவில்லை? பறவை கூட்டமாக வரும், கண்ணுக்குத் தெரியும், வராத ஆண்டை ஊர் கவனிக்கும். முயல் குறைந்தால் யாருக்கும் தெரிவதில்லை.

பன்றி

காட்டுப்பன்றிதான் இந்த விவாதத்தைத் தத்துவத்திலிருந்து வயலுக்கு இழுத்து வந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் உடைமைக் காப்புக்குக் கொடுத்த தாராள விலக்கு 1972இல் சுருங்கியது. தன்னையோ பிறரையோ காக்கக் கொன்றால் மட்டும் முன் அனுமதி வேண்டாம். பயிருக்காக என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அதிகாரத்தின் கீழ் அனுமதி வேண்டும். மாநிலம் கேட்டால், குறிப்பிட்ட காலத்துக்குக் குறிப்பிட்ட இடத்தில் ஒரு விலங்கைத் தீங்குயிரி என்று மத்திய அரசு 62ஆவது பிரிவில் அறிவிக்கலாம். பீகாரில் நீலான், உத்தராகண்டில் பன்றி, இமாச்சலத்தில் குரங்கு என்று 2015, 2016இல் அப்படி அறிவித்தார்கள். கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது.

தமிழ்நாடு 2025 தொடக்கத்தில் அறிவித்த முறை தூரத்தை அளக்கிறது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வந்த பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் என்றால் வனத்துறையினர் சுடலாம். கவனித்துப் பார்த்தால் இடம், உரிமம் என்ற இரண்டு பழைய கேள்விகளும் இதில் திரும்பி வந்திருக்கின்றன. உரிமம் மட்டும் அரசின் கையிலேயே தங்கிவிட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையோரத்தில் இந்த அளவுகோல் பொருந்தக்கூடும். அங்கே காடு ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம். மதுரையைச் சுற்றிக் காப்புக்காடுகள் சிறுசிறு துண்டுகள். நாகமலையிலிருந்து ஒரு கோடு, அழகர்மலையிலிருந்து ஒரு கோடு என்று மூன்று கிலோமீட்டர் வட்டங்களைப் போட்டால் பல ஊர்கள் ஏதாவது ஒரு வட்டத்துக்குள் விழும். அதைவிடச் சிக்கல், கண்மாய் உள்வாயில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம். அங்கேயே பிறந்து அங்கேயே குட்டி போடும் பன்றியைக் காட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்றால், அது ஒருநாளும் பார்த்திராத ஊருக்கு அனுப்புவதாகும்.

அனுமதிக்குக் காத்திராதவர்கள் சுருக்குக் கம்பி, வேலியில் மின்சாரம், வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய் என்று இறங்குகிறார்கள். இவற்றுக்குப் பருவமும் தெரியாது, விலங்கும் தெரியாது. பன்றிக்கு வைத்ததில் யானை செத்த செய்திகளும் ஆள் செத்த செய்திகளும் உண்டு. தடை கடுமையாக இருப்பதால்தான் இந்தத் திருட்டு வழிகள் பெருகின என்பது ஒரு தரப்பு. தடை அரைகுறையாக அமலாவதால்தான் என்பது மறு தரப்பு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையான கணக்கு, அதாவது எந்த ஊரில் எத்தனை பன்றி, எவ்வளவு சேதம், எத்தனை கம்பி என்பது, பொதுவெளிக்கு வந்ததாகத் தெரியவில்லை.

வெளியூர்ப் பதில்கள்

உரிம வேட்டைக்கு ஆதரவாக அமெரிக்க உதாரணம் எப்போதும் சொல்லப்படும். அங்கே 1937ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வரி பிரித்து மாநிலங்களின் வன உயிரினப் பணிக்குக் கொடுக்கிறது. நீள்துப்பாக்கிக்கு 11 சதவீதம். உரிமக் கட்டணமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பணத்தில் மானை எண்ணுகிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்து அடுத்த ஆண்டின் பருவத்தை வகுக்கிறார்கள். வேட்டைக்காரர் கொல்வதற்குக் கொடுக்கும் காசு எண்ணுவதற்கான கூலியாகிறது. நமீபியாவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஊர்ப் பாதுகாப்புக் கழகங்கள் வேட்டை வருமானத்தைப் பெறுகின்றன. பாகிஸ்தானின் வடமலைகளில் மார்க்கோர் என்னும் காட்டாட்டு வேட்டைக் கட்டணத்தில் 80 சதவீதம் ஊருக்கே போகிறது. எதிர்த் திசையில் கென்யா 1977இல் வேட்டையை முழுக்கத் தடைசெய்தது. அதன் பிறகும் அங்கே விலங்குகள் பெருமளவு குறைந்ததைத் தடையை எதிர்ப்பவர்கள் எடுத்துக்காட்டுவார்கள்.

இவற்றை மதுரைக்கு இறக்குமதி செய்யும்போது ஒரு கேள்வி போதும்: கட்டணம் யார் கொடுப்பார்? மார்க்கோருக்கு வெளிநாட்டுக்காரர் லட்சம் டாலர் கொடுப்பார். கவுதாரிக்கு?

கண்மாயில் மட்டும் ஏன்?

பருவமும் உரிமமும் இடமும் சேர்ந்த ஏற்பாடு ஒன்று இதே சமவெளியில், யாரும் சட்டம் போடாமல், நன்றாகவே நடக்கிறது. அது மீன்பிடித் திருவிழா. மேலூர், சிங்கம்புணரி, நத்தம் பக்கத்து ஊர்களில் கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றும்போது ஊர் கூடி நாள் குறிக்கும். அதுவரை வலை போடக்கூடாது. குறித்த நாள் விடியற்காலையில் சுற்றுவட்டாரத்து ஆட்கள் ஊத்தா, கச்சா, வலை, கூடை என்று கரையில் வந்து நிற்பார்கள். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அந்தத் துண்டு விழும்வரை ஒரு கால் தண்ணீரில் இறங்காது. விழுந்த நொடியில் ஆயிரம் கால் இறங்கும். சேற்றில் ஊத்தாவைக் கவிழ்த்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி விராலையும் கெளுத்தியையும் அள்ளுவார்கள். சில ஊரில் ஊத்தாவுக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. பிடித்ததை விற்பதில்லை என்பது வழக்கம், குழம்புக்குத்தான்.

மூடிய பருவம், திறக்கும் நாள், கருவிக்குக் கட்டணம், எல்லை எல்லாம் இருக்கின்றன. எனவே இந்த மண்ணுக்குப் பருவ ஒழுங்கு தெரியாது என்ற வாதம் நிற்காது. ஆனால் இதைக் காட்டி முயலுக்கும் அப்படியே செய்யலாம் என்பதும் நிற்காது. கண்மாய்க்குக் கரை உண்டு. உள்ளே இருப்பது ஊருடையது. தண்ணீர் எப்படியும் வற்றும், பிடிக்காவிட்டாலும் மீன் சாகும். அடுத்த மழையில் வரத்துக்கால் வழியாக மீன் மீண்டும் வரும், அல்லது குஞ்சு வாங்கி விடுவார்கள். முயலுக்குக் கரை இல்லை. இந்த ஊர் விட்டுவைத்ததை அந்த ஊர் அடித்துக்கொண்டு போகும். பிறகு எந்த ஊர் விட்டுவைக்கும்? குத்தகைக்கு விட்ட கண்மாய்களில் திருவிழாவே தகராறாகிவிடுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஒழுங்கு நிற்பது மரபின் பலத்தால் மட்டும் என்று சொல்ல முடியவில்லை. உரிமை யாருடையது என்பதில் தெளிவு இருக்கும் இடத்தில்தான் மரபும் நிற்கிறது.

எண்ணப்படாதவை

இன்றைய நிலையில் முழுத் தடையை நீக்கி உரிம வேட்டைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்வதற்கு மதுரைச் சமவெளியில் ஆதாரம் போதாது. தடையே போதும் என்று சொல்வதற்கும் அதே அளவுக்குத்தான் ஆதாரம் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் கணக்கெடுப்பு உண்டு. நீர்ப்பறவைக்கும், தேர்ந்தெடுத்த இடங்களில் நிலப்பறவைக்கும் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் கணக்கெடுப்பு நடக்கிறது. மதுரைக் கண்மாய்கள் சிலவும் அதில் சேர்கின்றன. முயலுக்கும் நரிக்கும், காப்புக்காட்டுக்கு வெளியே வாழும் பன்றிக்கும் அப்படி ஒரு தொடர் கணக்கு தேவை. கவுதாரிக் கூவலைக் காலையில் கேட்டு எண்ணுவதும், முயல் புழுக்கையைக் கோடுபோட்ட நிலத்தில் எண்ணுவதும் பெரிய செலவில்லாத, பழகிய முறைகள்தான். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, காப்புக்காட்டுக்கு வெளியே ஓர் ஊர் தன் உயிர்களைப் பட்டியலிட முடியும் என்று காட்டியிருக்கிறது. பட்டியல் என்பது எண்ணிக்கை ஆகாது. அதற்கு முந்திய படி.

பாரிவேட்டை, கோயில் பரிவேட்டை போல அடையாள வேட்டையாக மாறுமா என்பதும் திறந்த கேள்வி. சாமி குதிரையேறிப் போய்த் திரும்பினாலே வேட்டை முடிந்ததாக ஏற்கும் மரபு பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே வேட்டையாடுவது சாமி. ஊரின் இளவட்டங்கள் ஓட வேண்டும், நாய் ஓட வேண்டும் என்பதே பாதித் திருவிழாவாக இருக்கும் இடத்தில் அந்த மாற்றம் தானாக வராது.

பன்றி விஷயத்தில் மூன்று கிலோமீட்டர் விதி இன்னும் சில ஆண்டுகள் ஓட வேண்டும். சுடப்பட்ட பன்றி சட்டப்படி அரசின் சொத்து. ஆகவே ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் ஒரு பதிவு இருந்தாக வேண்டும். அந்தப் பதிவில் எந்தக் கண்மாய், எந்த மாதம், ஆணா பெட்டையா, வயிற்றில் குட்டி இருந்ததா, பக்கத்துக் காட்டில் என்ன பயிர் என்ற விவரங்களும் சேருமா என்பதைப் பொறுத்து நிறைய இருக்கிறது. 1972இல் 10ஆவது பிரிவு வேட்டைக்காரரிடம் கேட்ட பதிவேடு அரை நூற்றாண்டு கழித்து வனத்துறையின் மேசைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. செத்தவற்றோடு இருப்பவற்றையும் அதில் எழுத இப்போதும் தனிப் பத்தி இல்லை.